ஒரு கால் எட்டு, ஒரு கால் ஒன்பது

சளி போய்விட்டது. இருமல்தான் போக மனமில்லாமல் தங்கிவிட்டது, விருந்து முடிந்து பாத்திரம் கழுவிய பிறகும் செருப்பைத் தேடாத உறவுக்காரனைப் போல.

மூத்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பாதி வாரியதும் கை வலித்தது. சீப்பை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சுவரைப் பார்த்தாள். தலை வாருவதற்கே இளைப்பாற வேண்டியிருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவளே முன்பு சிரித்திருப்பாள்.

எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. அப்பாவின் போர்வை மடித்தபடியே கிடந்தது. அவரை மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து அதை அவள் தொடவில்லை.

அந்தச் சளியை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். அப்பாவின் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவருடைய துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, வெயில் ஒத்துக்கல" என்றான். அவனுக்கு மூன்றே நாளில் சரியாகிவிட்டது. மூத்தவள் படுத்தாள். அவளுக்குப் பின்னால் அப்பா படுத்தார். அப்பாவின் இதயம் ஏற்கெனவே தளர்ந்தது. சளி நெஞ்சில் இறங்கியதும் மூச்சு முட்டி, காலில் நீர் கோத்து, ஒரு விடியற்காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

மருத்துவமனை வாசலில் வைத்துத் தம்பி கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு இருமலோட நீ ஏன்க்கா அவர் பக்கத்துல படுத்தே?"

அன்றிலிருந்து அதுதான் குடும்பத்தின் கதை. அக்காவிடமிருந்துதான் அப்பாவுக்கு வந்தது. ஒரு கதையை முதலில் சொல்கிறவனுக்கு எப்போதுமே ஒரு படி மேலே நிற்க இடம் கிடைத்துவிடுகிறது.

அவள் ஒரு டாக்டரிடம் போய்க் காட்டினாள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், படமும் எடுக்கச் சொன்னார். "கிருமி போயிடுச்சும்மா. அது நடந்துபோன பாதைதான் இன்னும் புண்ணா இருக்கு. இன்னும் சில வாரம் ஆகலாம். யாருக்கும் தொத்தாது. தண்ணி குடிங்க, ஓய்வெடுங்க, பொறுமையா இருங்க" என்றார். பொறுமைக்கு மாத்திரை இருந்திருந்தால் அதையும் எழுதிக் கொடுத்திருப்பார். அத்தனை நல்ல மனிதர்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: "அந்த டாக்டர் எங்கப்பாவுக்குப் பொறுப்பெடுத்துப்பாரா?"

எங்கப்பா. அந்த வார்த்தை அவளுக்குள் மீன் முள்ளாகத் தங்கியது.

அலைபேசி ஒலித்தது. அவன்தான்.

"அக்கா, நாளைக்குக் காலையில அப்பாவை அனுப்பிடறாங்க."

அவளுக்குச் சட்டென்று உடம்பு லேசானது. "வீட்டைக் கூட்டித் தொடச்சு வைக்கறேன். மெத்தையை வெயில்ல..." என்று தொடங்கியபோது தொண்டையில் அந்த அரிப்பு வந்தது. இறகால் யாரோ உள்ளிருந்து வருடுகிற மாதிரி. அவள் அலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினாள். இருமி முடித்துக் காதில் வைத்தபோது அவன் பேசி முடித்திருந்தான்.

"என்ன சொன்னே? கேக்கல."

"எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னேன். இதுக்குத்தான். இப்ப இருமினியே, இதுக்குத்தான்."

"இது தொத்தாதுடா. டாக்டர்..."

மறுபடி இருமல். அவளுடைய ஒவ்வொரு நியாயமும் பாதி வாக்கியத்தில் இப்படித்தான் செத்தது. வாதாட முடியாத வழக்கறிஞரைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு அலைவது போலிருந்தது.

பின்னாலிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது. "அக்காவை ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. இப்ப அவங்க வேற வந்து நிக்க வேணாம்."

"நான் உங்கிட்டக் குடுத்தனுப்பின செருப்பைப் போட்டுக்கிட்டாரா?" என்று கேட்டாள் மூத்தவள்.

"போட்டுக்கிட்டாரு, போட்டுக்கிட்டாரு" என்றான். அழைப்பு நின்றது.

*

மூத்தவள் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் முகத்தைவிடப் பாதங்கள்தான் அவளுக்கு நினைவிருக்கும். நாளெல்லாம் முட்டி போட வேண்டும், எழ வேண்டும், ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்க வேண்டும், திறக்க வேண்டும், காகிதத்தைப் பிரிக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டே மறுபடி ஏற வேண்டும். முன்பெல்லாம் அது வேலையாகவே தெரிந்ததில்லை. இப்போது ஒருமுறை முட்டி போட்டால் எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கடையில் எதற்கும் மன்னிப்பு உண்டு, ஜோடியைப் பிரிப்பதற்கு மட்டும் கிடையாது. "புருஷன் பொண்டாட்டியைக்கூடப் பிரிக்கலாம், செருப்பைப் பிரிக்கக் கூடாது. அப்புறம் ரெண்டையும் எவனும் சீந்த மாட்டான்" என்பார் முதலாளி. மனைவியைப் பிரிந்து வாழ்பவர் அவர். தெரிந்துதான் சொன்னார்.

மூத்தவள் அந்தத் தவறைச் செய்திருந்தாள்.

அப்பாவைப் பார்க்கத் தம்பி விடவில்லை என்றாலும் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது. வெறுங்காலோடு வழுக்கும் தரையில் நடக்கிறார் என்றும் தெரிந்தது. சொன்னவள் அந்த வார்டு ஆயா. படிக்கட்டில் ஒருநாள் சந்தித்துப் பழக்கமானவள். மூத்தவள் அவளிடம் ஒரு பழைய நாட்காட்டித் தாளைக் கொடுத்து, "அவர் நிக்கும்போது இதுமேல நிக்க வச்சு, பென்சிலால சுத்தி ஒரு கோடு இழுத்துட்டு வருவீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

வந்த தாளை அவள் தரையில் விரித்துப் பார்த்தாள். வலது பாதம் அப்பாவுடையது, அவளுக்குத் தெரிந்த அதே எட்டு. இடது பாதம் வேறு யாருடையதோ போலிருந்தது. ஒருகாலத்தில் முறிந்து கூடிய கணுக்கால் அது. நீர் கோத்தால் முதலில் அங்கேதான் இறங்கும். பெரிய ஜோடியாக வாங்கினால் வலது காலில் கழன்று இடறும். சின்ன ஜோடி இடது காலில் ஏறாது.

யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு பெட்டிகளைத் திறந்தாள். இடதுக்கு ஒன்பது, வலதுக்கு எட்டு. ஒட்டும் பட்டை வைத்த, அடியில் வழுக்காத ரப்பர் போட்ட நல்ல செருப்பு. மிஞ்சிய இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மேல்தட்டின் கடைசியில் ஒளித்து வைத்துவிட்டு, சம்பளத்தன்று அதையும் தானே வாங்கிக்கொள்வதாகத் திட்டம். ஆனால் அன்று ஏணியின் இரண்டாவது படியிலேயே மூச்சு வாங்கியது. மேல்தட்டு எங்கோ மேகத்தில் இருந்தது. நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று கீழ்த்தட்டிலேயே செருகி வைத்தாள்.

அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை. அதற்குள், தம்பியின் அழைப்பு வந்த அன்றே, தபால்காரர் வந்துவிட்டார்.

அவள் உள்ளே வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளியே அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்திருந்தார். தபால்காரர் இரண்டையும் மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து பார்த்தார். மறுபடி நடந்தார்.

"ஏங்க, என் கால் ரெண்டும் ஒரே வயித்துலதான் பொறந்துச்சு. உங்க செருப்பு அப்படி இல்ல போலிருக்கே" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. செருப்புகளைத் திருப்பி அடியில் இருந்த எண்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

தபால்காரர் போன பிறகுதான் கேட்டார். "இன்னொரு ஜோடி எங்கே?"

"அப்பா கால்ல."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"குடுத்திருக்க மாட்டீங்க."

அவர் பெட்டியை மூடி மேஜைமேல் வைத்தார். "ஏம்மா, உன்னை எதுக்கு இத்தனை வருஷமா வச்சிருக்கேன்? வாசல்ல நடந்து வர்றவன் காலைப் பாத்தே சைஸ் சொல்லுவே. இப்ப அவன் நீ இருமுறதைக் கேட்டு வாசல்லயே திரும்பிடறான். நேத்து ஒரு அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ஓடறாங்க, தரையில தண்ணி வந்த மாதிரி."

"இது தொத்தாதுங்க."

"இருக்கலாம். அதை நெத்தியில எழுதி ஒட்டிக்க முடியுமா?"

அவள் இருமினாள். அவர் அது முடியும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் அரை இரக்கமும் அரை எரிச்சலும் இருந்தன. எது எந்தப் பாதி என்று பிரிக்க முடியவில்லை.

"இருமல் நின்னதும் வா."

"எப்ப நிக்கும்?"

"என்னைக் கேட்டா?" அவர் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "இதையும் எடுத்துட்டுப் போ. உலகத்துல இது யாருக்கும் ஆகாது."

*

அன்று மாலை மருத்துவமனையில் மின்தூக்கிக்கு நீண்ட வரிசை. நெருக்கி நின்றால் இருமல் வரும், இருமினால் எல்லோரும் திரும்புவார்கள். அவள் படிக்கட்டில் ஏறினாள். இரண்டே மாடி. முதல் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்தே விட்டாள். படிக்கட்டுச் சன்னலுக்கு வெளியே ஒரு மரம் காற்றில் மெதுவாகத் தலையாட்டியது. கடலுக்கு அடியிலிருந்து பார்ப்பது போலிருந்தது. இங்கேயே இப்படியே இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு எழுந்தாள்.

அவளுக்கு வேண்டியது பெரிதல்ல. அப்பா காதில் ஒரே ஒரு வாக்கியம் விழ வேண்டும்: நான் வராமல் இருக்கவில்லை, வர விடவில்லை. அது போதும். மற்றதெல்லாம் அவர் இஷ்டம்.

அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவள் வாயில் ஒரு இருமல் மிட்டாயை அடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே ஆயா படுக்கை விரிப்பை உதறும் சத்தம். தம்பியின் குரல்.

"நல்லா நடக்கறீங்கப்பா. செருப்பு எப்படி?"

"சுகமா இருக்கு. எங்க வாங்கினே?" அப்பாவின் குரல் மெலிந்திருந்தது. ஆனால் அவருடையதுதான்.

"பெரிய கடையிலதான். கால் வீங்கியிருக்கேன்னு நானே பாத்து எடுத்தேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீயே பாத்து எடுத்தியா" என்றார் அப்பா. "நல்ல கடை. ஒரு காலுக்கு எட்டு, ஒரு காலுக்கு ஒன்பதுன்னு அளவு பாத்துக் குடுக்கறானே. கல்யாணத்துக்கு இந்த மாதிரி கடை கெடைச்சா எவ்வளவு நல்லது."

"என்னப்பா சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல. பாப்பா எங்கே?"

பாப்பா என்றால் மூத்தவள்தான். நாற்பத்து நான்கு வயதில் அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு வாய்தான் மிச்சம்.

"அவ வரலப்பா. எத்தனை தடவை கூப்பிடறது? அவளுக்கு அவ உடம்புதான் பெருசு. அவளாலதான் உங்களுக்கு இவ்வளவும். அந்தக் கூச்சமாகூட இருக்கலாம்."

மூத்தவளின் தொண்டையில் இறகு அசைந்தது.

அவள் மூச்சை அடக்கினாள். மிட்டாயைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிடம், உள்ளே போகும்வரை, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்வரை. நெஞ்சுக்குள் ஏதோ முதுகைக் கொடுத்துக் கதவை முட்டியது. அவள் தோற்றாள். இருமல் நடைபாதை முழுக்க உருண்டது. ஒன்று, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று.

உள்ளே பேச்சு நின்றது.

சின்ன வயதில் அவளுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது, அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்திருக்கிறார். ஆயிரம் பேர் இருமினாலும் என் பொண்ணு இருமல் எனக்குத் தெரியும் என்று பிறகு பெருமையாகச் சொல்வார். பெருமைப்பட வேறு ஒன்றும் இல்லாத மாதிரி.

"யாரது?" என்றார் அப்பா.

"பக்கத்து ரூம் ஆளுப்பா" என்றான் தம்பி. கொஞ்சமும் தடுமாறாமல்.

அவள் காத்திருந்தாள். இப்போது சொல்வார். இல்லைடா, அது பாப்பா என்பார். செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்தவர்.

"ஆயாம்மா" என்றார் அப்பா. "அந்தக் கதவைச் சாத்துங்க. சத்தம் தாங்கல."

கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது.

*

இறங்குவது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் முதல் திருப்பத்தில், அதே மரம் தெரிகிற சன்னலுக்குக் கீழே, மறுபடி உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அழவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

தம்பி பொய் சொன்னது வலிக்கவில்லை. அவனுக்கு அது தேவை. தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமையை அவனால் தாங்கிக்கொள்ள முடியாது, அதனால் அதை அக்காவின் பெயரில் எழுதி வைத்திருக்கிறான். ஆனால் அப்பா? எல்லாம் தெரிந்துகொண்டு கதவைச் சாத்தச் சொன்ன அப்பா?

படியில் வேகமான காலடி. ஆயா. கையில் அழுக்கு விரிப்புகளின் மூட்டை.

"இங்கதான் இருக்கீங்களா. நல்லவேளை" என்று சொல்லி மூட்டைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள். ஒன்பதாம் எண், இடது கால்.

"பெரியவர் குடுத்தாரு. அவர் மகன் போனைப் பாக்கற நேரத்துல காலாலேயே தள்ளி விட்டாரு. பாப்பா வெளிய இருக்கும், இதைக் குடு, பத்தலைன்னு சொல்லுன்னாரு. இதைவிடப் பெருசா வேணுமாம். காலையில யாரும் வர்றதுக்குள்ள வேணுமாம்."

மூத்தவள் செருப்பைக் கையில் எடுத்தாள். அவள் அனுப்பியபோது அந்தப் பட்டை இரண்டு விரல் அகலம் மிஞ்சி ஒட்டும்படி பார்த்துத்தான் எடுத்திருந்தாள். இப்போது பட்டையின் நுனிகூட ஒட்டிய தடம் இல்லை. ஓரத்துத் தையல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"டாக்டர் இதைப் பாக்கலையா?"

ஆயா தயங்கினாள். "டாக்டர் வர்றப்ப இடது காலைப் போர்வைக்குள்ள இழுத்து, அதுமேல வலது காலைப் போட்டுக்கறாரு. கேட்டா நல்லாயிருக்கேன்னு சிரிக்கறாரு. நாளைக்கு அனுப்பறாங்கல்ல, அந்த அவசரம். எங்கிட்டகூடக் கெஞ்சினாரு, சொல்லிடாதேன்னு. பாப்பா வீட்டுக்குப் போகணும், அதுக்குள்ள எவனாவது கெடுத்துடுவான், சண்டை வேணாம், சத்தம் வேணாம்னு அதே பேச்சு."

"எந்த வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான். வேற எங்க?"

அப்படியானால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய கட்டிலுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் உள்ள அந்த இடத்துக்குத் திரும்பி வருவதற்காகத்தான் அவர் காலை மறைக்கிறார். அதற்காகத்தான் கதவையும் சாத்தினார். மறுபடி நீர் கோத்து ஊதிக்கொண்டே போகிற அந்தக் காலோடு நாளைக்கு அவரை வண்டியில் ஏற்றுவார்கள். வண்டி திரும்ப வேண்டிய தெருவில் திரும்பாமல் நேரே போகும். அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

"பத்து இருக்குமா உங்க கடையில?" என்றாள் ஆயா. "நான் போகணும். தேடுவாங்க."

ஆயா கீழே இறங்கிப் போனாள். மூத்தவளின் பையில் இருந்தது இடது எட்டும் வலது ஒன்பதும். அவருக்கு எந்தக் காலத்திலும் ஆகாத ஜோடி. கடை அவளுக்கு மூடிவிட்டது. ஆனாலும் முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பத்தை வாங்கிவிடலாம். விடிவதற்குள் ஆயாவின் மூட்டையில் போட்டு அனுப்பிவிடலாம். அப்பா சந்தோஷப்படுவார். பாப்பா பாப்பாதான் என்பார். அதை மாட்டிக்கொண்டு, வீக்கத்தை மறைத்துக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போவார்.

அல்லது மேலே போய் இந்தச் செருப்பை இப்போதே டாக்டர் மேஜையில் வைக்கலாம். அவரை அனுப்ப மாட்டார்கள். ஊசி, குழாய், உப்பில்லாத சோறு, இன்னும் எத்தனை நாளோ. தம்பிக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்பாவுக்கும் ஒன்று தெரியும்: கெடுத்தது எவனும் இல்லை, பாப்பா.

அவரிடம் சொல்ல வந்த அந்த ஒரு வாக்கியத்தை இனி எங்கே போய்ச் சொல்வது? அதற்குப் பிறகு அவர் கேட்பாரா?

அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். மேலேயும் படி, கீழேயும் படி. இறகு மறுபடி அசைந்தது. இந்த முறை அவள் துப்பட்டாவைத் தேடவில்லை, மூச்சை அடக்கவில்லை. ஒரு கையில் பிளந்த செருப்போடு, வாய்விட்டு இருமிக்கொண்டே, மேல்படியில் காலை வைத்தாள்.